மேனியில் எழுதிய திருநாமம்

பகவானுடைய திருநாமத்தை நாவினால் சொல்வோர் பலர். செவியால் கேட்டு மகிழ்வோர் பலர். நெஞ்சில் இருத்தி வாழ்வோர் சிலர். இவை யாவற்றினும் வேறாக, அத்திருநாமத்தைத் தம் தோலிலேயே ஊசியால் எழுதிக்கொண்டு, நெற்றி தொடங்கிப் பாதம் வரை ஓர் இடமும் விடாமல் நிரப்பிக்கொண்ட அடியார் கூட்டம் ஒன்று பாரத தேசத்தில் உண்டு. சத்தீஸ்கர் மாநிலத்து இராமநாமிகள் என்போர் அவர்கள். மேனியில் எழுதிக்கொள்வது அழகுக்கா, அடையாளத்துக்கா, அன்றி ஒரு கடமைக்கா என்னும் கேள்வி எழும்போதெல்லாம் இவர்களது வரலாறு ஆராயத்தக்கது. இன்று நகரந்தோறும் பச்சை குத்தும் கடைகள் பெருகி, எம்பெருமானுடைய சங்கு சக்கரங்களையும் திருமண்காப்பையும் திருமுகத்தையும்கூட இளைஞர்கள் கைகளிலும் முதுகிலும் குத்திக்கொள்ளும் காலமாயிருப்பதால், இந்த ஆராய்ச்சி கோயிலைச் சார்ந்த அன்பர்களுக்கும் அயலானது அன்று.

பச்சை குத்துதல் தமிழ்நாட்டுக்குப் புதியதும் அன்று. இரண்டு தலைமுறைக்கு முன் கிராமத்துப் பாட்டிமாரின் முன்கையில் புள்ளிக் கோலமோ, தேளோ, கணவர் பெயரோ பச்சையாய்த் தெரியாத வீடு அரிது. அகத்திக்கீரையையும் மஞ்சளையும் சேர்த்தரைத்துத் திரியிலிட்டு எரித்து, அந்தப் புகைக்கரியைப் புதுச் சட்டியில் ஏற்று, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, சில ஊசிகளை ஒன்றாகக் கட்டிக் குறத்தியர் குத்துவர். குத்தும்போது சிறுமி அழாதிருக்கப் பாட்டும் பாடுவர். பின்பு மஞ்சள் பூசி ஆற்றுவர். கூலி அரிசியோ பழந்துணியோ வெற்றிலை பாக்கோ ஆகும். அக்காலத்துப் பச்சையில் அழகும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. உடம்போடு கூட வருவது இது ஒன்றே என்று மூதாட்டியர் சொல்வதும் வழக்கம். அதனைப் பெற்ற சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை என்பதும் உண்மையே. இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

மகாநதிக் கரையில்

இராமநாமிகளின் இயக்கம் 1890களில், அப்போதைய மத்திய மாகாணத்தில், பின்னாளில் ஜாஞ்ச்கீர்-சாம்பா மாவட்டம் எனப்பட்ட பகுதியில், சார்பாரா என்னும் சிற்றூரில் தோன்றியது. தோற்றுவித்தவர் பரசுராமர் என்னும் பெயருடையவர். தோல் தொழில் செய்வோர் எனத் தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவரைப் பற்றி இரண்டு வரலாறுகள் வழங்குகின்றன. கோயிலுக்குள் புகக் கூடாது, இராமநாமத்தைச் சொல்லவும் உமக்கு உரிமை இல்லை என்று மேற்குலத்தார் தடுத்தபோது, அந்த நாமத்தைத் தம் நெற்றியிலேயே அவர் எழுதிக்கொண்டார் என்பது ஒன்று. கொடிய தோல் நோயால் வருந்தித் திரிந்த அவருக்கு இராமானந்த சம்பிரதாயத்துத் துறவி ஒருவர் அருள் செய்ய, நோய் நீங்கி, மறுநாள் மார்பில் இராமநாமம் தானே தோன்றியது என்பது மற்றொன்று. முன்னது வெளியுலகத்தார் பெரிதும் எடுத்துச் சொல்வது. பின்னது அடியார்க்குள் வழங்குவது. இரண்டில் எதனைக் கொண்டாலும் ஓர் உண்மை தெளிவாகிறது. அந்த எழுத்தை வேறு எவரும் அவர்மீது சுமத்தவில்லை.

இராமன் என்று இவர்கள் சொல்வது அயோத்தி மன்னனின் திருமகனை மாத்திரம் அன்று. உருவமும் குணமும் கடந்து எங்கும் நிறைந்த பரம்பொருளையே அப்பெயரால் குறிக்கின்றனர். ஆதலின் இவர்களுக்குக் கோயிலும் இல்லை, அர்ச்சாவிக்கிரகமும் இல்லை. அர்ச்சாவதாரத்தின் எளிமையிலே ஈடுபட்ட ஸ்ரீவைஷ்ணவ நெறிக்கு இது வேறுபட்டதே. ஆனால் கோயில் மறுக்கப்பட்டவர்கள் தம் உடம்பையே கோயிலாக்கிக் கொண்டதன் விளைவு அது என்பதை மறந்து அவர்களது நெறியை எடைபோடுதல் நேர்மையாகாது. துளசிதாசரின் ராமசரிதமானஸத்தை இவர்கள் பெரிதும் போற்றுவர். அந்நூல் முழுவதையும் பாராயணம் செய்யாமல், பக்தியையும் நாமத்தின் பெருமையையும் கூறும் பகுதிகளைத் தேர்ந்து பாடுவர். குல உயர்வைப் பேசும் பகுதிகளை விட்டு விடுவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த ஒரு கூட்டம் இங்ஙனம் ஒரு பெருநூலைத் தேர்ந்து ஆண்டது வியப்புக்குரியது.

பச்சை குத்துவது இவர்களுக்குள்ளேயே நடைபெறும். மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரியை நீரில் குழைத்து, ஊசியால் குத்துவர். எழுதும் சொல் ஒன்றே. தேவநாகரி எழுத்தில் இராமநாமம். உடம்பில் ஏதேனும் ஓர் இடத்தில் எழுதிக்கொண்டவரை இராமநாமி என்றும், நெற்றியில் எழுதிக்கொண்டவரைச் சிரோமணி என்றும், நெற்றி முழுதும் நிரப்பியவரைச் சர்வாங்கர் என்றும், உச்சி முதல் உள்ளங்கால் வரை எழுதியவரை நகசிகர் என்றும் வழங்குவர். நகம் முதல் சிகை வரை என்பது அச்சொல்லின் பொருள். கண்ணிமையிலும் எழுதிக்கொண்டவர் உண்டு என்றால் அவ்வேதனையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கே கருத்தூன்றிக் காண வேண்டியது எழுத்தைக் காட்டிலும் அதனோடு வரும் நியமமே. பச்சை குத்திக்கொண்டவர் மது அருந்தலாகாது, புகை பிடிக்கலாகாது, நாள்தோறும் இராமநாமம் சொல்ல வேண்டும், எக்குலத்தவரையும் சமமாக நடத்த வேண்டும். நெற்றியில் நாமத்தைத் தாங்கியவன் கள்ளுக்கடை வாயிலில் நின்றால் அவனை ஊரார் கேட்பதற்கு முன் அவன் நெற்றியே கேட்கும். மறைக்க முடியாத இடத்தில் எழுதிக்கொண்டதன் உட்கருத்து இதுவே எனலாம். துணியால் மூடத்தக்க இடத்தில் எழுதியிருந்தால் வேண்டும்போது அடியாராகவும் வேண்டாதபோது பிறராகவும் வாழ்ந்துவிடலாம். நெற்றியில் எழுதியவனுக்கு அந்த வசதி கிடையாது. பெருமை தேடுவோன் பெயரை எழுதிக்கொண்டு நிறுத்திவிடுவான். இவர்களோ எழுத்தின் மறுநாளிலிருந்து தொடங்குகின்றனர்.

ஆசார்யன் இடும் அடையாளம்

மேனியில் பகவானின் அடையாளம் தாங்குவது ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்துக்கும் உரியதே. தாப ஸம்ஸ்காரம் என்னும் சடங்கில் ஆசார்யன் ஹோமாக்கினியில் காய்ச்சிய திருச்சக்கரத்தைச் சிஷ்யனின் வலத்தோளிலும் திருச்சங்கத்தை இடத்தோளிலும் ஒற்றுகிறார். பெரியாழ்வார் திருப்பல்லாண்டிலேயே சக்கரப்பொறி ஒற்றுண்டு நிற்பதைக் குறிப்பதனால் இவ்வழக்கத்தின் பழைமை விளங்கும். மாத்வ ஸம்ப்ரதாயத்தாரும் ஆடி மாதத்தை ஒட்டி வரும் சயன ஏகாதசியில் தப்த முத்திரை தரிப்பர். அஃது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது.

இவ்வடையாளத்துக்கும் கடையிற் சென்று குத்திக்கொள்ளும் சித்திரத்துக்கும் உள்ள வேற்றுமை ஊசிக்கும் நெருப்புக்கும் உள்ள வேற்றுமை அன்று. பஞ்ச ஸம்ஸ்காரம் ஐந்து. அவற்றுள் தாபம் முதலாவது மட்டுமே. அதன்பின் புண்ட்ரம், நாமம், மந்த்ரம், யாகம் என நான்கு உண்டு. தோளில் பொறி ஒற்றியவுடன் சிஷ்யன் வீடு திரும்பிவிடுவதில்லை. பன்னிரு திருமண் தரிக்கவும், அடியேன் என்று சொல்லப் பழகவும், மந்திரத்தின் பொருளைக் கேட்கவும், நாள்தோறும் திருவாராதனம் செய்யவும் அவன் கடமைப்படுகிறான். தோளில் இட்ட பொறியோ சில காலத்தில் மங்கியும் போகலாம்; கடமை மங்குவதில்லை. பொறி இட்ட ஆசார்யனுக்கும் பொறுப்பு உண்டு. சிஷ்யன் செய்யும் தவற்றில் தமக்கும் பங்கு உண்டென்று எண்ணியே பூர்வாசார்யர்கள் இச்செயலை மேற்கொண்டனர். யாரேனும் வந்து கேட்டவுடன் இட்டுவிடும் முத்திரையாக அவர்கள் அதனைக் கருதவில்லை.

எம்பெருமானார் இவ்வடையாளம் பெற்ற இடமும் ஈண்டு நினைக்கத்தக்கது. காஞ்சியினின்றும் திருவரங்கம் நோக்கி அவர் புறப்பட, திருவரங்கத்தினின்றும் காஞ்சி நோக்கிப் பெரிய நம்பிகள் வர, இருவரும் மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் ஸந்நிதியில் ஸந்தித்தனர் என்று குருபரம்பரை கூறும். காஞ்சிக்குச் சென்று பெருமாள் ஸந்நிதியில் செய்யலாமே என்று நம்பிகள் தயங்க, ஆளவந்தாரைக் காணப் புறப்பட்டுக் காணாமலே திரும்ப நேர்ந்ததை நினைவிற்கொண்ட இராமானுசர், ஆயுள் நிலையற்றது, இப்பொழுதே அருள வேண்டும் என்று வேண்டினார். மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் நிறைவேறியது. கேட்டவர் சிஷ்யர்; தயங்கியவர் ஆசார்யர். மேனியில் இடும் அடையாளத்துக்கு முறையான வரிசை இதுவே எனல் பொருந்தும். பெறுபவனுக்கு வேட்கை இருக்க வேண்டும். இடுபவனுக்கு நிதானம் இருக்க வேண்டும்.

அப்பெரிய நம்பிகளே, தாழ்ந்த குலத்தவர் என ஊரார் ஒதுக்கிய மாறனேர் நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளியபோது அவருக்கு இறுதிச் சடங்குகளைத் தம் கையாலேயே செய்தார். அதன் பொருட்டு ஊரார் அவரை விலக்கி வைத்தனர் என்பதும் குருபரம்பரையில் உள்ளதே. எம்பெருமானாரின் தோளில் சங்கு சக்கரம் ஒற்றிய கையும், மாறனேர் நம்பிக்கு ஈமக்கடன் செய்த கையும் ஒன்றே. இந்த வரலாறு நன்கு தெரிந்த தேசத்திலேயே பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அடியார்கள் கோயில் வாயிலில் தடுக்கப்பட்டனர். திருவிதாங்கூரில் 1936இலும், மதுரையில் 1939இலும் ஆலயக் கதவுகள் அனைவர்க்கும் திறந்தன. பரசுராமர் நெற்றியில் எழுதிக்கொண்டது அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன். இராமநாமிகளின் பச்சையைக் கண்டு வியக்கும் அன்பர்கள் இந்த ஆண்டுக் கணக்கையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும். மேனியில் எழுதும் பொறுப்பு எழுதிக்கொண்டவனைச் சார்ந்தது என்பர். எழுதிக்கொள்ளும்படி அவனை நெருக்கியவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று எவ்வாறு சொல்வது?

பிறர் சுமத்திய எழுத்து

தானே விரும்பி ஏற்ற எழுத்து ஒருபுறம் இருக்க, பிறர் வலிந்து சுமத்திய எழுத்தும் இந்நாட்டில் இருந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, வங்காள மாகாணத்தில் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தும் தண்டனை வழங்கிற்று. கோதனா என்று அதற்குப் பெயர். கிராமத்துப் பெண்டிர் அழகுக்குக் குத்திக்கொள்ளும் பச்சைக்கும் வடநாட்டில் அதே பெயர்தான்; சொல் ஒன்று, பொருள் இரண்டு. விடுதலை பெற்ற பின்னும் அந்நெற்றி விடுதலை பெறவில்லை. தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டியும் முடியை முன்னே வளரவிட்டும் மறைக்க முயன்றனர். 1849இல் சட்டம் இயற்றி இத்தண்டனையை ஒழித்தனர்.

ஒழிந்தது என்று நினைத்த கொடுமை சுதந்தர இந்தியாவிலும் தலைகாட்டிற்று. 1993 டிசம்பரில் அமிர்தசரஸில் காவலில் இருந்த நான்கு பெண்களின் நெற்றியில் ஜேப்படிக்காரி என்னும் பொருளுள்ள பஞ்சாபிச் சொல்லைப் போலீஸார் பச்சை குத்திவிட்டனர். பாட்டியாலாவில் மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்பு நீதிமன்றம் அதிகாரிகளைக் குற்றவாளிகளென்று தீர்த்துத் தண்டித்தது 2016இல்தான். இடையில் கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல். அப்பெண்கள் அத்தனை ஆண்டுகளும் எந்தக் கண்ணாடியின் முன் எவ்வாறு நின்றிருப்பர் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்வதில்லை. ஐரோப்பாவில் ஆஷ்விட்ஸ் என்னும் நாஜிக் கொலைமுகாமில் கைதிகளின் முன்கையில் எண் பொறித்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. பெயரைப் பறித்து எண்ணைக் கொடுத்தது அது.

நெற்றி ஒன்றே. கோதனாக் கைதியின் நெற்றி மறைக்க விரும்பிற்று. இராமநாமியின் நெற்றி காட்ட விரும்பிற்று. மையும் ஊசியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும் இத்துணை வேறுபாடு வந்தது சம்மதம் என்னும் ஒன்றினாலேயே.

குத்துபவரின் கடமை

பச்சை ஏன் அழிவதில்லை என்பதைச் சரீர சாஸ்திரம் விளக்குகிறது. ஊசி மேல்தோலைக் கடந்து அடுத்த அடுக்கில் மையைச் செலுத்துகிறது. அந்நிய பொருளொன்று புகுந்ததென்று கண்டு உடம்பின் காவல் அணுக்கள் விரைந்து வந்து மையை விழுங்குகின்றன. விழுங்கிய மையை அவற்றால் செரிக்க முடிவதில்லை, வைத்துக்கொண்டே இருக்கின்றன. அவ்வணு இறக்குங்கால் வெளிப்படும் மையை அடுத்த அணு விழுங்கிக்கொள்கிறது என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2018இல் கண்டறிந்தனர். ஆகவே பச்சை என்பது ஒருநாள் எழுதி முடிந்த சித்திரம் அன்று. ஆயுள் முழுதும் உடம்பு காத்துவரும் ஒரு சுமை. லேசர் ஒளியால் நீக்கலாம் என்பர். அதற்குப் பல தவணைகளும் மிகுந்த பொருளும் வேண்டும், வலியும் உண்டு, சில நிறங்கள் முற்றும் நீங்குவதும் இல்லை.

இதனால் குத்துபவருடைய கடமை பெரிதாகிறது. ஒருவர்க்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொருவர்க்குப் பயன்படுத்தினால் மஞ்சட்காமாலை உண்டாக்கும் கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். திருவிழாக் கூட்டத்தில் தரையில் விரித்த துணியின்மேல் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துவதைக் காண்பவர்கள் இதனை நினைத்தல் வேண்டும். பச்சை குத்திக்கொண்டவரிடமிருந்து ஓராண்டுக் காலம் இரத்த தானம் ஏற்பதில்லை என்னும் விதி இதுபற்றியே ஏற்பட்டது. மையைப் பற்றியும் உலகெங்கும் கவலை மிகுந்துள்ளது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2022 ஜனவரி முதல் பச்சை மையில் சேரும் ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. புதிய ஊசியைக் கண்ணெதிரே உறை பிரித்து எடுத்தல், கையுறை அணிதல், குடித்துவிட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புதல், பள்ளிச் சிறுவன் வந்தால் பெற்றோரின்றி வராதே என்று மறுத்தல் ஆகிய இவையெல்லாம் அத்தொழிலின் தர்மம். கேட்டதையெல்லாம் செய்வது தொழில் நேர்மை ஆகாது. 2024 டிசம்பரில் திருச்சிராப்பள்ளியில் பச்சை குத்தும் கடை நடத்தியவர் ஒருவர் இளைஞர்களின் நாக்கை நுனியில் பிளந்துவிட்ட செய்தி வெளியாகி, போலீஸார் அவரைக் கைது செய்ய நேர்ந்தது. வந்தவர் விரும்பியே செய்துகொண்டார் என்பது அங்கே விடையாகவில்லை. மருத்துவம் கல்லாத கை புகக் கூடாத இடம் அது.

எம்பெருமானுடைய திருவுருவத்தைக் குத்தச் சொல்லி வருபவரிடமும் குத்துபவர் ஒரு வார்த்தை கேட்கலாம். எந்த இடத்தில் என்பதே அவ்வார்த்தை. இடுப்பின் கீழும் காலிலும் தெய்வ உருவத்தை எழுதுதல் இந்நாட்டு வழக்கத்துக்கு ஒவ்வாதது. வெளிநாட்டவர்க்கு இது தெரிந்திராது. அவர்கள் நாட்டில் கால் என்பது உடம்பின் மற்றோர் உறுப்பு, அவ்வளவே. 2015இல் பெங்களூரில் ஆஸ்திரேலியர் ஒருவர் முழங்காலின் கீழ் அம்மனுடைய உருவத்தைக் குத்திக்கொண்டிருந்ததைக் கண்ட சிலர், உணவு விடுதியில் அவரை வளைத்துக்கொண்டு மிரட்டினர். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவும் அவர் நேர்ந்தது. அம்மனிடத்தில் பக்தி கொண்டே எழுதினேன் என்பது அவர் கூற்று. இடம் தவறு என்று அமைதியாய் அறிவித்தல் ஓர் அடியாரின் கடமையாகலாம். தோலை உரித்துவிடுவோம் என்று மிரட்டியது எந்த அம்மனுக்கும் செய்த கைங்கர்யம் ஆகாது.

குழந்தையின் மார்பு

இராமநாமிகளிடத்தும் கேள்விக்குரியது ஒன்று உண்டு. அக்கூட்டத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் மார்பிலாவது இராமநாமம் குத்திவிட வேண்டும் என்பது பழைய நியமம். குழந்தை யாதொன்றும் அறியாது. முதல் தலைமுறையில் பரசுராமரும் அவரைப் பின்பற்றியவர்களும் தாமே விரும்பி வேதனை ஏற்றனர். இரண்டாம் தலைமுறைக்கு அது பிறப்போடு வந்தது. விரும்பி ஏற்ற விரதம் வாரிசுரிமையாக மாறும்போது அதன் பொருளும் மாறாதிருக்க இயலுமா என்பது எளிதில் விடுபடாத வினா. ஸமாச்ரயணத்தை மிக இளம் வயதிலேயே செய்துவைக்கும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்களும் உண்டாதலின், இவ்வினா மகாநதிக் கரையோடு நின்றுவிடுவதில்லை. குழந்தைக்கு நன்மையானதைத் தாய் தந்தையர் அதன் சம்மதம் கேளாமலே செய்கின்றனர், பெயரிடுவதும் அங்ஙனமே. ஆனால் பெயரை வளர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம். நெற்றியிலும் முகத்திலும் எழுதியதை மாற்ற இயலாது.

இதனை அக்கூட்டத்தாரே உணர்ந்தனர் என்பதுதான் பாராட்டத்தக்கது. பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லலாயினர்; ஊரை விட்டுப் பெருநகரங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். முகம் நிறைய எழுத்துடன் வருபவனுக்கு வேலை கொடுப்பவர் அரிது. இராணுவத்திலும் உடம்பில் பச்சை இருக்கத்தக்க இடத்துக்கு வரையறை உண்டு. முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர ஏனைய இடங்களில் நிலையான பச்சை உள்ளவரைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பழங்குடியினர்க்கு அவர்தம் வழக்கத்தைக் கருதி விலக்கு அளித்துள்ளனர். இந்நிலையில் முழுமேனியும் எழுதிக்கொள்ளும்படி முதியவர்கள் இளைஞரை வற்புறுத்துவதில்லை. கையிலோ மார்பிலோ சிறிதாக ஒரு நாமம் எழுதிக்கொள்வோர் சிலர். ஒன்றுமே எழுதிக்கொள்ளாதவர் பலர். நகசிகர் என்னத்தக்க முதியவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

இதனைப் பக்தியின் தளர்ச்சி என்று வருந்துவோர் உண்டு. புகைப்படக் கலைஞர்கள் தொலைதூரத்திலிருந்து வந்து அம்முதியவர்களின் முகத்தைப் படம்பிடித்துச் சென்று, இக்கலை அழிகின்றதே என்று எழுதுகின்றனர். அழிவது எது என்பதை அவர்கள் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. தடுக்கப்பட்டவன் தன் உரிமையைத் தன் தோலில் எழுதிக் காட்ட வேண்டியிருந்த நிலைமை ஓரளவேனும் அழிந்திருந்தால் அது வருந்தத்தக்கதன்று. மது விலக்கும் சமபாவமும் நாமஜபமும் அழிந்தால் மாத்திரமே வருந்த வேண்டும். முன்னதும் பின்னதும் ஒன்றல்ல. பேரன் மேனியில் எழுத்தில்லை என்று பாட்டனார் வருந்துவதைக் காட்டிலும், எழுத்துள்ள மேனியுடன் பேரன் கள்ளுக்கடைக்குச் சென்றான் என்று கேட்க நேர்வதே கொடிது.

ஆண்டுதோறும் பௌஷ மாதம் சுக்லபக்ஷ ஏகாதசி தொடங்கி மூன்று நாட்கள் இராமநாமிகளின் பஜனை மேளா நடைபெறுகிறது. ஓராண்டு மகாநதியின் வடகரை, மறு ஆண்டு தென்கரை என மாறிமாறிக் கூடுவர். வெள்ளை நிறத் தூண் ஒன்றை நாட்டி, அதன்மேலும் இராமநாமத்தையே எழுதி, சுற்றி அமர்வர். மயிற்பீலிக் கிரீடமும், இராமநாமம் கறுப்பு மையில் நெருக்கமாக அச்சிட்ட வெண்போர்வையும், கையில் சலங்கையும் அவர்களது கோலம். மேனியில் எழுத்தில்லாத இளைஞர்களும் அப்போர்வையைப் போர்த்துக்கொண்டு முதியவர்களின் அருகே அமர்கின்றனர். ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வர். நகசிகரான முதியவர் போர்வையை எடுத்த பின்னும் எழுத்தோடே நடந்து செல்வார். இரு சாராரையும் அங்குள்ள எவரும் வேறாகப் பிரித்து உட்கார வைப்பதில்லை. மூன்று நாளும் இரவும் பகலும் அதே சலங்கை ஒலிக்கு இருவரும் சேர்ந்தே சொல்கின்றனர்.